ஷீட் அடிக்கிற கைக்கு எந்த உறை? மலேசியா ஜோடியும் கேரள ஜோடியும்

வீட்டிலேயே ரப்பர் ஷீட் அடிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாத்திரம் துலக்க மட்டும் கையுறை தேடுகிறவர்கள் மலேசிய ஜோடியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், மிச்சத்தைப் படிக்க வேண்டியதில்லை.

குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. பால்வெட்டுக்கு ஆள் வருவார்; ஷீட் அடிப்பது நானும் வீட்டுக்காரரும்தான். பாலை வடிகட்டித் தண்ணீர் சேர்த்து, ட்ரேயில் ஊற்றி, தண்ணீரில் கரைத்த ஃபார்மிக் ஆசிட் விட்டுக் கலக்கி வைத்தால், மறுநாள் காலையில் கட்டித் தயிர் போல உறைந்து நிற்கும். அதை அழுத்திப் பரத்தி, முதலில் வழவழப்பான ரோலரிலும் பிறகு வரி ரோலரிலும் விட்டு எடுப்போம். ஆசிட்டைக் கரைக்கும்போதுதான் ஆபத்து. விரல் இடுக்கில் பட்டால் தோல் வெள்ளையாகி உரிந்துவிடும். ஆகவே கையுறை இல்லாமல் நான் கேனைத் திறப்பதில்லை.

மலேசிய ஜோடி, அந்நாட்டின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் சித்தி மகள் ஊருக்கு வந்தபோது கொடுத்தது. முழங்கை வரை நீளம், உள்ளே பஞ்சு பூசியிருக்கிறது, ஈரக்கையையும் சுலபமாக நுழைக்கலாம். வாசனை கிட்டத்தட்ட இல்லை. கேரளத்தில் செய்த ஜோடியை மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். தடிமன் அதிகம், பெருவிரல் பக்கம் இறுக்கம், முதல் வாரம் புகைக்கூட்டுக்குள் நிற்கிற மாதிரி நாற்றம். பார்த்ததும் பிடிக்கவில்லை.

ஆனால் ரோலரில் வேலை செய்தபோது கணக்கு மாறிவிட்டது. பல்சக்கரத்து கிரீஸ் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி, பிசுபிசுத்துப் போகும். இரண்டு ஜோடிக்கும் அதே கதிதான். மெல்லியதாக இருந்த மலேசிய உறை விரல் நுனியில் சீக்கிரமே ஓட்டை விழுந்தது. தடித்த உறை இன்னும் தாங்குகிறது. ஷீட் வேலைக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

மலேசிய உறையைக் கையில் கொடுத்தபோது, "உங்க ஊர்ப் பால்லயா செஞ்சது?" என்று சித்தி மகளிடம் கேட்டேன். சிரித்தாள். "எங்க பால்மரமெல்லாம் எங்கக்கா இருக்கு? தாத்தா சீவுன எஸ்டேட்டு பூரா இப்ப செம்பனை." செம்பனை என்றால் பாமாயில் தரும் மரம்.

அவள் சொன்னது வெறும் பேச்சில்லை. 1988இல் மலேசியா 16 லட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் எடுத்து உலகத்தில் முதலிடத்தில் இருந்தது. அதே சமயம் இந்தியா அதில் ஆறில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. 2012 வாக்கில் இரண்டு நாடும் ஏறக்குறைய 9 லட்சம் டன்னில் வந்து நின்றன. 2023இல் மலேசியாவின் உற்பத்தி 3.5 லட்சம் டன் அளவுக்கு இறங்கிவிட்டது. இந்தியா 2023-24இல் 8.57 லட்சம் டன். பெரிய எஸ்டேட்டுகள் செம்பனைக்கு மாறின, வெட்ட ஆள் கிடைக்கவில்லை. மிச்சமிருக்கும் சிறு தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் பாலைக் கிண்ணத்திலேயே உறையவிட்டுக் கட்டியாக விற்கிறார்கள், அது நோகாத வேலை. கையுறைக்கோ உறையாத பால் வேண்டும். அதனால் அங்குள்ள தொழிற்சாலைகளுக்குப் பெரும்பாலும் தாய்லாந்துப் பால்தான். அட்டையில் மலேசியா என்று போட்டிருப்பது தொழிற்சாலைக்கு மட்டும்தான் பொருந்தும். அந்தத் தொழில்திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல சரக்குதான்.

நம்மவர்கள் ரொம்பவும் மார்தட்ட வேண்டாம். 2011இல் கிலோ 240 ரூபாய்வரை போன ஷீட், 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே வந்தது. வெட்டுகூலிக்கே கட்டாது என்று எங்கள் பக்கத்தில் பலர் மரத்தைச் சும்மா விட்டார்கள், கொடி ஏறிக் கிடந்தது. 2015-16இல் நாட்டின் மொத்த உற்பத்தி 5.62 லட்சம் டன்னாகச் சரிந்தது அதனால்தான். இப்போது ஏறியிருக்கிறது, திரிபுரா பக்கமும் நன்றாக விளைகிறது. ஆனால் நாட்டின் தேவை 14 லட்சம் டன். டயர் கம்பெனிகளே பெரும்பகுதியை விழுங்கிவிடும், துண்டு விழுவது வெளியிலிருந்து வருகிறது. இதற்கு மருந்து இறக்குமதி வரியைக் கூட்டுவது மட்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. விலை விழுந்த வருஷம் வெட்டாமல் விட்ட மரம்தான் இந்தத் துண்டின் பெரும்பகுதி என்பது என் எண்ணம். குறைந்தபட்சம் ஒரு விலை உறுதியாகக் கிடைத்தால் யாரும் கத்தியைக் கீழே வைக்க மாட்டார்கள்.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு: கேரள ஜோடியில் உங்கள் அளவுக்கு ஒரு சைஸ் பெரிதாகக் கேளுங்கள், பெருவிரல் பிடித்தம் போய்விடும். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்புறம் வெளியே வரத் திருப்பி, நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். கையுறை தாங்கும் என்று ஆசிட் கேனைத் தூக்கிச் சரிக்காதீர்கள். முதலில் தண்ணீர், பிறகு ஆசிட். குழாய்த் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.