பெயின்ட்டுக்கு அடியில் பாருங்கள்: பேக்ஹோ சப்-ஃப்ரேம் செய்யக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சின்ன டிராக்டரின் பின்னால் பேக்ஹோ (மண் தோண்டும் கை) மாட்டுவதற்குச் சப்-ஃப்ரேம், அதாவது டிராக்டருக்கு அடியில் ஓடும் தாங்கு சட்டம், செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 100×50 அளவில் 6 எம்.எம். கனமுள்ள செவ்வகக் குழாய், 10.9 கிரேடு போல்ட் (8.8-ஐவிட வலுவானது), பின் ஆக்சிலிலிருந்து முன்னால் லோடர் மவுன்ட் (முன்பக்க லோடரைத் தாங்கும் இடம்) வரை முழு நீளம் என்று பேசி, முழுத் தொகையையும் எங்களிடம் ஒரு பட்டறை வாங்கிக்கொண்டது. கொடுத்ததோ 3 எம்.எம். குழாய், 8.8 போல்ட், முன்பக்கம் எதிலும் சரியாகச் சேராத ஃப்ரேம். மேலே மட்டும் அருமையான பெயின்ட். இருபது மணி நேரம் தோண்டியதற்குள் பெல் ஹவுசிங் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள கூடு) இணைப்பில் எண்ணெய் கசிய ஆரம்பித்துவிட்டது.

அந்தக் கசிவு ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். லாரிக்கு இருப்பதுபோலச் சின்ன டிராக்டர்களுக்குப் பெரும்பாலும் முழு நீளச் சேசிஸ் கிடையாது. எஞ்சின், பெல் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் வார்ப்புகள். ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்த அந்த வரிசைதான் வண்டியின் முதுகெலும்பு. உழவுக்கும் டிரெய்லருக்கும் அது தாங்கும். பேக்ஹோ கொடுக்கிற வளைவுச் சுமைக்குத் தாங்காது. சுமையை எடுத்துப்போய் முன்பக்கத்தில் இறக்கிவைப்பதுதான் சப்-ஃப்ரேமின் ஒரே வேலை. பின் ஆக்சிலோடு நின்றுவிட்டால் மிச்சச் சுமையை பெல் ஹவுசிங் போல்ட்டுகள்தான் வாங்கும். முதலில் இணைப்புக் கோட்டில் பெயின்ட் தலைமுடி போல வெடிக்கும், பிறகு எண்ணெய் வியர்க்கும், அப்புறம் வார்ப்பே விரிசல் விடும்.

எவ்வளவு சுமை? பக்கெட்டில் மண்ணோடு 400 கிலோ, மாட்டும் இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வளைவுச் சுமை 1200 (கிலோ × மீட்டர்). பேக்ஹோ கையின் சொந்த எடையும் குலுக்கலும் தனி. இரண்டு ரெயில்களுக்கும் (ஃப்ரேமின் இரு பக்க நீளக் குழாய்கள்) பங்கிட்டால் ஆளுக்கு 600. பின் ஆக்சிலை ஒட்டிய இடத்தில் 6 எம்.எம். குழாயில் இதனால் வரும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 15 கிலோ. அதே அளவு 3 எம்.எம். குழாயில் 27 கிலோ. சாதாரண மைல்டு ஸ்டீல் 25 கிலோ வாக்கில் நிரந்தரமாக வளைந்துவிடும். அதாவது அந்த ஃப்ரேம் முதல் நாளே தோற்றுப்போன ஃப்ரேம்.

குழாய் முனைகளை மூடி போட்டுப் பற்றவைத்துவிட்டால் கனம் வெளியே தெரியாது. இதைத்தான் அவர்கள் நம்பினார்கள். ஆனால் தராசு பொய் சொல்லாது. 6 எம்.எம். குழாய் மீட்டருக்கு 12 கிலோவுக்கு மேல் இருக்கும், 3 எம்.எம். என்றால் 7 கிலோகூட வராது. 1.4 மீட்டர் ரெயில் இரண்டு என்றால் 35 கிலோவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். எங்களுடையது வெட்டி எடுத்து நிறுத்தபோது 19 கிலோ. குழாயை வெட்டும் நாளிலேயே போய் வெர்னியரை வைத்து அளந்திருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது.

முன்முனையில் செய்திருந்தது இன்னும் மோசம். ரெயில் ஃபுட்போர்டுக்கு அடியில் முன்னால் போகிறது, போட்டோவில் பார்த்தால் முழு நீள ஃப்ரேம் போலவே தெரியும். குனிந்து பார்த்தால் ஃபுட்போர்டு பிராக்கெட்டில் ஒரு வளைத்த தகடும் இரண்டு எம்10 போல்ட்டும். ஃபுட்போர்டு ஓட்டுபவரின் காலைத் தாங்கத்தான் ஆகும். ரெயில் போய்ச் சேர வேண்டிய இடம் லோடர் மவுன்ட் பிளேட், அல்லது எஞ்சின் பக்கவாட்டில் இதற்கென்றே கம்பெனி கொடுத்திருக்கும் மரைத்துளைகள்.

பின் ஆக்சிலில் நடந்த தவறு கண்ணுக்கே படாத வகை. வார்ப்பில் ஏற்கெனவே இருந்த போல்ட்டைக் கழற்றி, நடுவில் 12 எம்.எம். பிளேட்டை வைத்து, அதே போல்ட்டைத் திரும்ப முடுக்கிவிட்டார்கள். அப்படிச் செய்தால் வார்ப்புக்குள் இறங்கும் மரை 12 எம்.எம். குறைந்துபோகிறது. வார்ப்பிரும்பில் போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்க வேண்டும், எம்16 என்றால் 24 எம்.எம். அலுமினிய வார்ப்பில் இரண்டு மடங்கு. எங்களுக்கு இறங்கியிருந்தது ஆறேழு சுற்று மரைதான். பிளேட்டின் கனத்துக்கு ஏற்ப நீளமான போல்ட் வாங்க வேண்டும். அதையும் துளையின் ஆழத்தை அளந்து வாங்க வேண்டும், அடியில் முட்டினால் டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) இறுகிவிட்டதுபோல் சத்தம் கொடுக்கும், பிளேட் இறுகியிருக்காது.

பிளேட்டில் இருந்த துளைகளும் கேஸ் கட்டரால் சுட்டவை, முட்டை வடிவத்தில். எம்16 போல்ட்டுக்கு 17 அல்லது 17.5 எம்.எம். துளையை டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சுட்ட துளையில் வாஷர் பாதிதான் உட்காரும், ஆடும், இறுக்கம் போய்விடும். போல்ட் தலையில் கிரேடு பொறித்திருக்கும், அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். எண்ணெய் படாத மரையில் எம்16 8.8 போல்ட்டுக்குச் சுமார் 210 நியூட்டன் மீட்டர், 10.9-க்குச் சுமார் 300. மரை வார்ப்பில் இருந்தால் டிராக்டர் மேனுவல் சொல்லும் அளவே கடைசி வார்த்தை.

இப்போது பற்றவைப்பு. பேக்ஹோவை மாட்டும் பின்பக்கக் கொக்கிப் பிளேட்டின் ஓரத்தில் பெயின்ட் லேசாக உப்பியிருந்தது. உளியால் நெம்பியதும் விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு கழன்று விழுந்தது. உள்பக்கம் வெள்ளையாகப் பட்டி. பட்டியைச் சுரண்டினால் அதன் அடியில் 2 எம்.எம். ஆழத்துக்கு அண்டர்கட் (பற்றின் ஓரத்தில் உலோகம் அரித்த பள்ளம்), அந்தப் பள்ளத்துக்குள் தட்டி எடுக்காத கசடு. சுமை தாங்கும் இணைப்பில் பட்டி பூசுவது தவறை மறைப்பதற்கு மட்டும்தான், வேறு எந்தக் காரணமும் இருக்க முடியாது. எதிர்ப்பக்கக் கொக்கியை இரும்புக் குழாயால் நெம்பியபோது பற்று பிளேட்டைவிட்டு உரிந்தே வந்துவிட்டது. 25 எம்.எம். பிளேட்டையும் மெல்லிய குழாயையும் சேர்க்கும்போது சூட்டையெல்லாம் தடிப் பிளேட் இழுத்துக்கொள்ளும், உலோகம் உருகிச் சேராமல் மேலே படிந்துமட்டும் இருக்கும். தடிப் பிளேட்டை முன்கூட்டியே சூடாக்கி, விளிம்பைச் சாய்த்துத் தேய்த்து, ஈரமில்லாத 7018 ராடு போட வேண்டும். இங்கே இருந்தது 6013, அதுவும் ஒரே ஓட்டம்.

கொக்கியில் எவ்வளவு இழுவை என்று தெரிந்தால் இது எவ்வளவு ஆபத்து என்பது புரியும். மேல் கொக்கிக்கும் கீழ்ப் பின்னுக்கும் 400 எம்.எம். இடைவெளி என்றால், மேலே சொன்ன அதே சுமைக்கு ஒவ்வொரு பக்கமும் 1500 கிலோ. தூக்கும்போது மேல்பக்கம் இழுபடும், பக்கெட்டை மண்ணில் அழுத்தும்போது திசை மாறும். இப்படி மாறி மாறி வருவதால்தான் விரிசல் பற்றின் ஓரத்தில் தொடங்கி வளர்கிறது. ரெயிலின் கீழ்முகத்தில் குறுக்காகப் பற்றவைக்கவே கூடாது, பக்கச் சுவரில் நீளவாக்கில் வைக்கச் சொல்லுங்கள்.

புகார் சொன்னபோது பட்டறையில் கிடைத்த பதில்: "ஃப்ரேம் வேண்டாம், த்ரீ பாயிண்ட்டிலேயே மாட்டிக்கோங்க." தயவுசெய்து இதை மட்டும் கேட்காதீர்கள். த்ரீ பாயிண்ட் இணைப்பு (கலப்பை மாட்டும் பின்பக்க மூன்று கைகள்; மேல் கைதான் டாப் லிங்க்) மேல்நோக்கித் தடுக்காது. பக்கெட் ஏதாவது வேரிலோ கல்லிலோ மாட்டி, டாப் லிங்க்கோ அதன் பிராக்கெட்டோ உடைந்தால், பேக்ஹோ முழுவதும் மேலே மடங்கி ஓட்டுபவரை சீட்டோடு வைத்து நசுக்கிவிடும்.

ஹைட்ராலிக்கிலும் கை வைத்திருந்தார்கள். லோடர் வால்வின் டேங்க் போர்ட்டிலிருந்து பேக்ஹோவுக்கு நேரடியாக லைன் எடுத்துவிட்டார்கள். பவர் பியாண்ட் ஸ்லீவ் (பிரஷர் எண்ணெயை டேங்க் வழியிலிருந்து பிரித்து அடுத்த வால்வுக்கு அனுப்பும் பாகம்) இல்லாமல் அப்படி எடுத்தால் டேங்க் பக்கத்தில் பிரஷர் ஏறி வால்வின் சீல் பிதுங்கும், பாடி வெடிக்கவும் செய்யும். ஸ்லீவ் போட்டு, பேக்ஹோவின் ரிட்டர்னையும் லோடர் வால்வின் ரிட்டர்னையும் டேங்குக்குத் தனித்தனியாகக் கொண்டுபோக வேண்டும். பிரஷர் ஹோஸும் ஒற்றைக் கம்பிப் பின்னல்தான். அரை இஞ்ச் ஆர்1 (ஒற்றைப் பின்னல்) ஹோஸ் 160 பார்தான் தாங்கும், ஆர்2 (இரட்டைப் பின்னல்) 275 பார். ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். பேக்ஹோவைக் கழற்றி வைத்த பிறகு பவர் பியாண்ட் லைனையும் ரிட்டர்ன் லைனையும் ஒன்றோடொன்று கோத்துவிடவும் மறக்காதீர்கள், கோக்காமல் விட்டால் எண்ணெய்க்கு வழியில்லாமல் பம்ப் திணறும்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். இரண்டாவது தவணை, குழாய் வெட்டி டேக் (தற்காலிகப் புள்ளிப் பற்று) வைத்து டிராக்டரில் பொருத்திக் காட்டிய பிறகு. மூன்றாவது, முழுதும் பற்றவைத்து, பெயின்ட் படாத வெறும் இரும்பாக உங்கள் முன்னால் எடை போட்ட பிறகு. பெயின்ட்டை நீங்களே அடித்துக்கொள்ளலாம். வேலை தொடங்கி 5 மணி நேரத்தில் ஒரு தடவை, 10 மணி நேரத்தில் ஒரு தடவை எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள், பிறகு 50 மணிக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் பெல் ஹவுசிங் இணைப்பைத் துணியால் துடைத்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை அங்கே ஈரம் தெரிந்தால் பேக்ஹோவை அன்றே இறக்கிவிடுங்கள்.