பாட்டில் உருட்டும் மெஷின்: வாங்கலாமா?

மண்ணில் புதைந்து கிடந்த பாட்டிலை எத்தனை தடவை கழுவினாலும் காய்ந்ததும் பால் படிந்தாற்போல் மங்கிவிடுகிறதா? மண்ணின் ஈரம் கண்ணாடியிலிருந்த சோடியத்தை உறிஞ்சி, மேல்தோலைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். இதற்குத்தான் உருட்டும் மெஷின். அது கழுவுவதில்லை, அந்தத் தோலையே சீவி எடுக்கிறது. சீவிய கண்ணாடி திரும்ப வராது.

வாங்குவதற்கு முன் பாட்டிலை வினிகரில் ஒரு நாள் ஊறப்போடுங்கள். வெள்ளை கரைந்துபோனால் அது வெறும் உப்புக்கறை, மெஷினே தேவையில்லை. ஊறிய பிறகும் மங்கல் இருந்து, நனைத்தால் மறைந்து காய்ந்ததும் திரும்பினால் மெஷின் உதவும். நகம் தட்டுப்படும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். அவ்வளவு ஆழம் சீவினால் பாட்டிலில் புடைத்திருக்கும் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

செட்டில் வருவது ஒரு மோட்டார், இரண்டு உருளை, பாட்டிலை உள்ளே வைத்து உருட்டும் பிளாஸ்டிக் குழாய், பாட்டிலை நடுவில் பிடித்து நிறுத்தும் ரப்பர் பிடிகள். இவற்றில் காசு கொடுக்கத் தகுந்தது ரப்பர் பிடிதான். அது தளர்ந்தால் பாட்டில் குழாயின் மூடியில் இடித்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட நீண்டுவிடும். வேகமும் முக்கியம். 10 செ.மீ. குழாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று போதும். 130-ஐ நெருங்கினால், தேய்ப்பதற்காக உள்ளே போடும் செம்புத் துண்டுகள் சுவரோடு ஒட்டிச் சுற்றுமே தவிர உருளாது. வேகத்தைக் குறைக்க முடியாத மெஷினை வாங்க வேண்டாம்.

செம்புக் கம்பியை 3 மி.மீ. துண்டுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். செம்பு கண்ணாடியைவிட மென்மை, கனமும் உண்டு. அதனால் கூடப் போடும் தேய்ப்புப் பவுடரை அழுத்தித் தேய்க்கும், தான் கீறாது. மோட்டார் காயில் கம்பி ஆகாது, அதன் வார்னிஷ் உரிந்து கலக்கும். பாட்டிலுக்குள் மூன்றில் ஒரு பங்கு செம்பு, வெளியே குழாயில் பாதி வரை செம்பு, அது நனையும் அளவு தண்ணீர். பவுடர் உள்ளே ஒரு மேசைக்கரண்டி, வெளியே இரண்டு. தண்ணீர் கூடினால் பவுடர் மிதந்து வேலை இழுக்கும்.

பவுடரில் முதலில் சீவுவதற்கு சிலிக்கான் கார்பைடு, பிறகு பளபளப்புக்கு அலுமினியம் ஆக்சைடு. ஒவ்வொன்றும் மூன்று நான்கு நாள் ஓடும், தினமும் திறந்து பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனிச் செம்பு வேண்டும். முதல் பவுடரின் நான்கு துகள் மிஞ்சினாலும் பளபளப்பின் நடுவே மயிர்க்கோடு விழும். கழிவுக் கரைசலை வாஷ்பேசினில் ஊற்றினால் குழாயில் சிமெண்ட் போல் இறுகும். வாளியில் தெளியவிட்டு வண்டலைக் குப்பையில் போடுங்கள்.

கோலி சோடா பாட்டிலுக்கு வெளிப்புறம் மட்டும் போதும். கழுத்தில் அடைபட்ட கோலி ஒவ்வொரு சுற்றிலும் மோதும் என்பதால், ஸ்பாஞ்சுத் துண்டைத் திணித்து அதை அசையாமல் நிறுத்திவிட்டுத்தான் உருட்ட வேண்டும். பெயிண்டில் அச்சிட்ட லேபிள் உள்ள பாட்டிலை மெஷினில் போடவே கூடாது, லேபிள் போய்விடும். வானவில் நிறத்தோல் படிந்த ரோமானியக் கண்ணாடியையும் தொடாதீர்கள், அதன் மதிப்பே அந்தத் தோலில்தான்.

மங்கிய, சாதாரண பாட்டில்கள் நிறைய வைத்திருப்பவருக்கு இந்த மெஷின் பயன்படும். ஒன்றிரண்டு அரிய பாட்டில் மட்டும் உள்ளவருக்குத் தேவையில்லை. உருட்டியதை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். வாங்குபவரும் புடைத்த எழுத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் மழுங்கி, அடிப்பாகத்தில் பழைய தேய்மானக் கீறல் ஒன்றுகூட இல்லையென்றால் அது மெஷினில் ஏறி இறங்கியதாக இருக்கலாம்.