மியூ மெட்டல் அறையில் மிச்சப் புலம்: டீகாஸா, காயிலா?

பூமியின் காந்தப் புலம் தமிழ்நாட்டுப் பக்கம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. வெளிப் புலத்தைத் தடுக்கும் நிக்கல்-இரும்புக் கலவையான மியூ மெட்டலால் சுவர் எழுப்பிய எங்கள் அறைக்குள் அது சில பத்து நானோடெஸ்லாவாக இறங்கிவிடும். கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவே போதாதா என்றால், போதாது. மூளையிலிருந்து வரும் புலம் 100 பெம்டோடெஸ்லா அளவுதான் (ஒரு பெம்டோடெஸ்லா என்பது நானோடெஸ்லாவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதை ஒளியின் உதவியால் அளக்கும் ஓபிஎம் உணரிகளோ, சுற்றிலும் சில நானோடெஸ்லா கூடினாலே திணறும்.

இந்த மிச்சத்தைக் குறைக்க இரண்டு வழி. உள்ளே மூன்று திசைக்கும் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டி எதிர்ப்புலம் கொடுக்கலாம். அல்லது சுவரையே டீகாஸ் செய்யலாம், அதாவது அதில் ஏறியிருக்கும் காந்தத்தை நீக்கலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, இப்போது நான் டீகாஸ் பக்கம்.

காயில் மலிவு. மரச்சட்டத்தில் செம்புக் கம்பி சுற்றி, பிளக்ஸ்கேட் என்ற காந்தப் புல அளவி பூஜ்ஜியம் காட்டும் வரை மின்னோட்டத்தைத் திருகினால் வேலை முடிந்தது. ஆனால் பூஜ்ஜியம் அந்த ஒரு புள்ளியில்தான். பிளக்ஸ்கேட்டை ஒரு சாண் நகர்த்தினேன், எண் மறுபடி ஏறிவிட்டது. சுவரில் திட்டுத்திட்டாக ஏறியிருக்கும் காந்தத்தைச் சீரான எதிர்ப்புலம் எப்படி அழிக்கும்? இன்னொரு தொல்லை இரைச்சல். 50 நானோடெஸ்லாவை அழிக்கும் மின்னோட்டம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆடினால் 50 பெம்டோடெஸ்லா. தேடும் சிக்னலில் பாதி.

டீகாஸ் நோயின் மூலத்தையே தொடுகிறது. பழைய கலர் மானிட்டரில் பட்டனை அழுத்தினால் 'டொங்' என்று படம் நடுங்கி அடங்குமே, அதே தத்துவம். சுவர் ஓரங்களில் சுற்றிய கம்பியில் சுமார் 10 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தை, உலோகம் நிறைவுறும் (இனிமேல் காந்தம் ஏறாது என்னும்) அளவுக்கு ஏற்றி, பிறகு மெல்ல மெல்லப் பூஜ்ஜியத்துக்கு இறக்க வேண்டும். பெர்லினில், ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமான பிடிபியின் 7 அடுக்கு மியூ மெட்டல் அறையிலும் டீகாஸ் உண்டு.

எனக்கு முடிவைச் சொன்னது தினசரிப் பராமரிப்புதான். கதவை ஒருமுறை திறந்து மூடினாலே புலம் கொஞ்சம் மாறுகிறது. யாராவது இரும்பு ஸ்க்ரூடிரைவரைச் சுவரோரம் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காயில் என்றால் நேற்றைய அளவு இன்று பொருந்தாது. காலையில் முதலில் வருபவர் மூன்று குமிழையும் திருகிக்கொண்டு உட்கார வேண்டும். அவரவர் கைக்கு அவரவர் பூஜ்ஜியம். டீகாஸில் பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்து வந்தால், யார் அழுத்தினாலும் எண் ஏறத்தாழ அதே இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

சும்மா வந்துவிடவில்லை. முதல் தடவை டீகாஸ் செய்தபோது புலம் முன்பைவிடக் கூடிவிட்டது! ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, கம்பிக்கு மின்னோட்டம் தரும் ஆம்பிளிஃபயரின் வெளியீட்டில் துளி டிசி (ஒரே திசை மின்னோட்டம்) ஒட்டிக்கொண்டிருந்தது. மாறுமின்னோட்டம் அடங்கிய பின்னும் அந்தத் துளி சுவரைக் காந்தமாக்கிவிடும். நடுவில் டிசியைக் கடத்தாத ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டதும் சரியாயிற்று. அப்புறம், முடிந்த கையோடு பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கம்பியே இரைச்சலை உள்ளே கொண்டுவரும்.

லிப்ட், ரயில் மாதிரி புலத்தை நொடிக்கு நொடி ஆட்டும் இடத்துப் பக்கத்தில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே டீகாஸ் மட்டும் போதாது, உணரியைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் காயில் தேவைப்படும் என்றே நினைக்கிறேன். எங்கள் காயிலையும் கழற்றவில்லை. டீகாஸுக்குப் பின் மிஞ்சும் ஓரிரு நானோடெஸ்லாவுக்கு அதைப் பேட்டரியில் ஓட்டுகிறோம்.