இறங்கு எடை மீறிய சரக்கு விமானம்: எரிப்பதா, கொட்டுவதா, அப்படியே இறங்குவதா?

போயிங் 777 சரக்கு விமானம் ஏறத்தாழ 348 டன் எடையோடு கிளம்பலாம். ஆனால் இறங்கும்போது 261 டன்னைத் தாண்டக் கூடாது. இடையிலுள்ள 87 டன்னும் போகிற வழியில் எரிந்து தீர வேண்டிய எரிபொருள். கிளம்பிய இருபதாவது நிமிடத்தில் கோளாறு வந்தால் அதில் பெரும்பகுதி தொட்டிகளிலேயே இருக்கும். அப்போது கேப்டனுக்கு மூன்று வழிகள்தான்.

முதலாவது, வட்டமடித்து எரிப்பது. இரண்டு இன்ஜின்களும் சேர்ந்து மணிக்கு ஏழெட்டு டன் குடிக்கும். 80 டன்னை இப்படிக் கரைக்கப் பத்து மணி நேரமாகும் என்பதால் கனமான நிலையில் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மூன்று, நான்கு டன் மட்டும் கூடுதலாக இருந்து, கோளாறும் சாதாரணமானதாக இருந்தால் பயன்படும். சக்கரங்களை இறக்கிவிட்டுத் தாழ்வாகப் பறந்தால் காற்றின் எதிர்ப்பு கூடி எரிபொருள் வேகமாகத் தீரும். பனி படியும் மேகத்துக்குள் மட்டும் ஃபிளாப்பை (மெதுவாகப் பறக்க உதவும், இறக்கையின் பின்விளிம்பிலிருந்து நீளும் தகடு) நீட்டிக்கொண்டு சுற்றக் கூடாது.

இரண்டாவது, கொட்டுவது. 777-இல் இதற்கான சுவிட்சை ஆயத்தநிலைக்குக் கொண்டுவந்ததும், இறங்கு எடை வரம்புக்கு எவ்வளவு எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்பதைக் கணினியே குறித்துக்கொள்ளும். பிறகு இடது, வலது இறக்கைகளின் பின்விளிம்பிலுள்ள குழாய்களைத் திறந்தால் போதும். நடுத்தொட்டியில் எரிபொருள் உள்ளவரை நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை டன் வெளியேறும். அது காலியானதும் வேகம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். 80 டன்னுக்கு அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். தரையிலிருந்து 6,000 அடிக்கு மேல் கொட்டினால் பெரும்பகுதி கீழே வருவதற்குள் ஆவியாகிவிடும். போயிங் 757, ஏர்பஸ் ஏ300-600 விமானங்களில் இந்த ஏற்பாடே கிடையாது. அவற்றுக்கு மீதி இரண்டு வழிகள்தான்.

சரக்கு விமானத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. முழுச் சரக்கை ஏற்றினால், எரிபொருள் இல்லாமலேயே 777-இன் எடை 248 டன்னைத் தொடும். எடையை இறங்கு வரம்புக்குக் குறைத்தபின் கையில் மிஞ்சும் எரிபொருள் சுமார் 13 டன் மட்டுமே. கொட்டி முடித்த பிறகு விமான நிலையத்தை மூடுபனி மூடிக்கொண்டால், வேறிடம் தேடிப் போக இருப்பது அவ்வளவுதான். வானிலை சரியில்லாதபோது வரம்புவரை கொட்டாமல், கொஞ்சம் கூடுதல் எடையோடு இறங்குவதுதான் என் பார்வையில் சரியான கணக்கு.

மூன்றாவது, எடை மீறி இறங்குவது. இதைப் பலர் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். சான்றிதழ் விதிப்படி, இறங்கு எடை வரம்பில் நிமிடத்துக்கு 600 அடி வேகத்தில் தரையைத் தொட்டாலும் விமானத்தின் கட்டமைப்பு தாங்க வேண்டும். முழு கிளம்பு எடையில் அந்த அளவு 360 அடி. வழக்கமான தரையிறக்கம் இந்த 360 அடியை எட்டுவதே அரிது. ஆகவே மென்மையாகத் தொட்டால் இறக்கைக்கோ சக்கரக் கால்களுக்கோ ஆபத்து குறைவு.

உண்மையான பாரம் பிரேக்கின் மேல் விழுகிறது. எடை மூன்றில் ஒரு பங்கு கூடினால் அணுகும் வேகம் சுமார் 15 சதவீதம் கூடும். பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். அதனால் நீளமான ஓடுதளமும் எதிர்க்காற்றும் வேண்டும், ரிவர்சரை (இன்ஜினின் தள்ளுவிசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) முழுதாக இழுக்க வேண்டும், ஓடுதளத்தின் தொடக்கத்தை ஒட்டியே தொட வேண்டும். ஃபிளாப்பின் வேக வரம்பையும் பார்க்க வேண்டும். திரும்ப மேலேற வேண்டி வந்தால் ஏறும் திறன் போதுமா என்று பார்த்தே ஃபிளாப் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒற்றை இன்ஜினோடு 777 இறங்குவது, ஃபிளாப்பை முழுதாக நீட்டாத ‘ஃபிளாப் 20’ நிலையில். எடை மீறிய நிலையில் தானியங்கி தரையிறக்கத்தை போயிங் பரிந்துரைப்பதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தீர்மானிப்பது நேரம். 2023 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய 747 ஒன்றில் குதிரை ஒன்று அடைப்பிலிருந்து வெளிவந்துவிட்டது. சுமார் 20 டன் எரிபொருளைக் கடலுக்கு மேல் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள், அவகாசம் இருந்தது. நான்கு இன்ஜின்களில் ஒன்று நின்றுபோன 747-க்கும் பெரும்பாலும் அந்த அவகாசம் உண்டு. ஒரே இன்ஜினில் பறக்கும் 777-க்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

தீ என்றால் கணக்கே வேறு. சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் பொதுவாக அணைப்பு வாயு இருக்காது. காற்றழுத்தத்தை வெளியேற்றி, ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் தீயை மந்தப்படுத்துவதுதான் உத்தி. இறங்க ஆரம்பித்தாலே தீக்கு மீண்டும் மூச்சு கிடைத்துவிடும். 2010 செப்டம்பர் 3 அன்று, லித்தியம் பேட்டரிகளும் இருந்த சரக்கில் தீப்பிடித்த 747 ஒன்றுக்கு தோஹா 100 மைலில் இருந்தது. அதைவிடத் தொலைவிலிருந்த துபாய்க்கே அது திரும்பியது. முதல் எச்சரிக்கை வந்து சுமார் அரை மணி நேரத்தில் விழுந்தது, உள்ளே இருந்த விமானிகள் இருவரும் இறந்தனர். 1996 செப்டம்பர் 5 அன்று புகை எச்சரிக்கை வந்த டிசி-10 ஒன்று அருகிலிருந்த, நியூயார்க் மாநிலத்து ஸ்டூவர்ட் விமான நிலையத்தில் உடனே இறங்கியது. விமானம் எரிந்து அழிந்தது, உள்ளே இருந்த ஐவரும் பிழைத்தார்கள். தீயின்போது எடைக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. சரக்கை இறக்கும் வசதி அங்கே உண்டா என்றும் பார்க்கக் கூடாது.

தீ இல்லையென்றால் எங்கே இறங்குவது என்பதில் ஓடுதள நீளம் முந்தும். 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டிலிருந்து கிளம்பிய 747-இன் இன்ஜின் உடைந்து பாகங்கள் ஊருக்குள் விழுந்தன. கிளம்பிய இடத்துக்குத் திரும்பாமல், நீளமான ஓடுதளம் உள்ள பெல்ஜியத்தின் லியேஜில் அது இறங்கியது.

நின்ற பிறகும் வேலை முடியவில்லை. பிரேக் வெப்பம் உச்சத்துக்கு வருவது பத்து, பதினைந்து நிமிடம் கழித்துத்தான். சக்கரத்திலுள்ள உருகு அடைப்புகள் இளகி, டயர் வெடிப்பதற்குள் காற்றை வெளியே விட்டுவிடும். தீயணைப்பு வீரர்கள் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் நெருங்க வேண்டும். பக்கவாட்டில், அச்சுக்கு நேராக ஒருபோதும் நிற்கக் கூடாது. எடையும் தொட்ட வேகமும் பதிவேட்டில் ஏறி, பராமரிப்புக் குழு சோதித்து முடிக்கும்வரை விமானம் கிளம்பாது.