பணம் கட்டி வாங்கி, பகுதி பகுதியாக அணைத்து வைத்த பாதுகாப்பு மென்பொருள்: ஓராண்டு அனுபவம்

கும்பகோணத்தில் நான்கு கணினிகளை வைத்து ஒரு சிறிய டிடிபி நிலையம் நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாப் பத்திரிகை, பில் புத்தகம், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு என்று ஓடுகிற தொழில். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்தான் எங்களுக்கு வேலை வருகிற வாசல். வைரஸ் வருகிற வாசலும் அதுவேதான். அதனால் 2024 ஜூலை முதல் வாரத்தில், ஐந்து கணினிகளுக்கு ஓராண்டு உரிமம் என்ற கணக்கில், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 2,360 ரூபாய் கட்டி ஒரு பாதுகாப்பு மென்பொருளை வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னவுடன் பேச்சு அந்தப் பெயருக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ திரும்பிவிடும். நான் சொல்ல வந்தது, காசு வாங்கிய பிறகு அது என்னை நடத்திய விதத்தைப் பற்றி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வைரஸைப் பிடிப்பதில் இந்த மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. இத்தகைய மென்பொருள்கள் விழித்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கென்றே எய்கார் என்ற பெயரில் 68 எழுத்துகள் கொண்ட, தீங்கு எதுவும் செய்யாத ஒரு சோதனைக் கோப்பு உண்டு. நிறுவிய அன்றே அதை நோட்பேடில் ஒட்டிச் சேமித்துப் பார்த்தேன். சேமித்து முடிப்பதற்குள் பிடித்துவிட்டது. பள்ளி ஆண்டு மலருக்காக ஓர் ஆசிரியர் கொண்டுவந்த பென் டிரைவில், கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்ததையும் நாங்கள் தொடுவதற்கு முன்பே தடுத்துச் சுத்தம் செய்து கொடுத்தது. அந்த முதல் சில வாரங்களில் யாராவது கேட்டிருந்தால் தாராளமாக வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஆடி மாதத்தின் கடைசி வாரம் வந்தது. ஆடியில் கல்யாணம் இருக்காதே தவிர, ஆவணி முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ் வேலை முழுவதும் எங்களுக்கு ஆடியில்தான் நடக்கும். ஒரு நாள் காலையில், எங்கள் ஆபரேட்டர் அழைத்தார்: “அண்ணே, இங்க வந்து பாருங்க, தமிழ் வரலை. எதை அடிச்சாலும் ஏபிசிடியாவே விழுது.” திரையில் மணமகளின் பெயர் பாதி வரை தமிழில் இருந்தது, அதற்குப் பிறகு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வரிசை கட்டி நின்றன. பாதுகாப்பு மென்பொருள் முந்தின இரவு புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. மாறியதும் எங்கள் தமிழ்த் தட்டச்சுச் செயலியைத் திருடன் என்று முடிவுகட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடித்துக் காவலில் வைத்துவிட்டது.

இதில் அதன் சந்தேகத்தை நான் தவறு என்று சொல்லமாட்டேன். தமிழ்த் தட்டச்சுச் செயலி செய்கிற வேலை என்ன? நாம் அழுத்துகிற ஒவ்வொரு விசையையும், அது பக்கத்தில் எழுத்தாக விழுவதற்கு முன் இடையில் பிடித்து, அதற்குரிய தமிழ் எழுத்தை மாற்றிக் கொடுக்கிறது. கடவுச்சொல்லைத் திருடுகிற கீலாகர் வகை மென்பொருளும் விசையை அதே இடத்தில்தான் பிடிக்கிறது. நடத்தையை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆங்கிலம் மட்டும் தட்டச்சு செய்கிறவருக்கு இந்தத் தொல்லை ஏற்பட வாய்ப்பே இல்லை என்பதால், நம்முடைய குறை நிறுவனத்தின் காதில் பெரிதாக விழாது என்பதும் எனக்குத் தெரியும். இதற்காகத்தான் விலக்குப் பட்டியல் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். நம்பகமான செயலியை அதில் சேர்த்துவிட்டால் மென்பொருள் அதை விட்டுவிட வேண்டும். சேர்த்தேன், அன்று மதியத்துக்குள் வேலை மறுபடியும் ஓடியது. ஐந்து வாரம் கழித்து அடுத்த பதிப்பு வந்த மறுநாள், அதே ஏபிசிடி மறுபடியும் வந்தது.

பட்டியலைத் திறந்து பார்த்தால் செயலியின் பெயர் அதில் பத்திரமாக இருந்தது. பெயர் இருக்கிறது, மென்பொருள்தான் அதை மதிக்கவில்லை. நீக்கிவிட்டு மறுபடியும் அதே பெயரைச் சேர்த்தால் மதிக்கிறது. நான்கு கணினிகளிலும் குறிப்பெடுத்துப் பார்த்ததில் ஒழுங்கு பிடிபட்டது: தினமும் வருகிற வைரஸ் அடையாளப் புதுப்பிப்புகளால் ஒன்றும் ஆவதில்லை, பதிப்பு எண் மாறுகிற பெரிய புதுப்பிப்பு வந்தால் மட்டும், விலக்குப் பட்டியல் திரையில் தெரியுமே தவிர வேலை செய்யாது. ஒரு பிழையை எப்படி வரவழைப்பது, எப்போது வராது என்று இவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுக்கிற வாடிக்கையாளர் கிடைத்தால் நிறுவனம் மகிழும் என்று எண்ணி, படங்களோடு புகார் எழுதினேன்.

முதல் பதில் விரைவாகவே வந்தது: நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவவும். செய்தேன். இரண்டாவது பதில்: இந்தக் கருவியை இயக்கி அது திரட்டித் தரும் பதிவுக் கோப்பை அனுப்பவும். இயக்கினேன், 210 எம்பி அளவில் ஒரு கோப்பு பிறந்தது. அதை ஏற்றுவதற்கு அவர்கள் கொடுத்திருந்த பக்கமோ 25 எம்பிக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. அவர்களுடைய கருவி உண்டாக்கிய கோப்பை அவர்களுடைய பக்கமே வாங்க மறுக்கிறது என்று எழுதினால், மூன்றாவதாக வேறொருவர் வந்து, வணக்கம் சொல்லி, நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பார்த்தீர்களா என்று கேட்டார். கடைசியில் கோப்பை மேகச் சேமிப்பில் ஏற்றி இணைப்பை அனுப்பினேன். “உருவாக்கக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம், இது ஏற்கனவே தெரிந்த குறைதான்” என்று நான்காமவர் எழுதினார். அந்த ஒரு வரியைப் பார்த்து நிம்மதியடைந்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்வதற்கு வெட்கமாக இருக்கிறது. பத்து நாள் கழித்து, வாடிக்கையாளரிடமிருந்து பதில் வராததால் புகார் தீர்க்கப்பட்டதாக முடித்துவைக்கப்படுகிறது என்று தானியங்கி மின்னஞ்சல் வந்தது. பதில் சொல்ல வேண்டிய முறை அவர்களுடையதாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிழையே இல்லாத மென்பொருளை நான் கேட்கவில்லை. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இயங்குதளத்தின் அடித்தளம் வரை இறங்கி வேலை பார்ப்பது. அதில் ஒரு சிறு தவறு நேர்ந்தாலும் கணினியே படுத்துவிடும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற வைரஸ் எதிர்ப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பிக்கு உயிர்நாடியான எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்பையே வைரஸ் என்று பிடித்ததால், அலுவலகக் கணினிகள் தாமாகவே அணைந்து அணைந்து மறுபடியும் தொடங்கின. நான் இந்த மென்பொருளை வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த நிறுவனம் 78 நிமிடத்தில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றது. மூன்று வாரத்துக்குள், 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்துக்கு 20 மட்டுமே கொடுக்கப்பட்டதுதான் காரணம் என்று, எண்ணைச் சொல்லி, விளக்க அறிக்கையும் வெளியிட்டது. உலகத்தையே நிறுத்திய பிழைக்கு மூன்று வாரத்தில் காரணம் கிடைக்கிறது. என் கடையின் ஒரு பட்டியல் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு ஓராண்டில் ஒரு வரி கிடைக்கவில்லை. இடையில் வந்த ஒவ்வொரு பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பையும் தேடிப் படித்தேன். எல்லாவற்றிலும் “பிழைத் திருத்தங்களும் செயல்திறன் மேம்பாடும்” என்று மட்டுமே இருந்தது.

கிடைத்தது ஒரு யோசனை. மூன்றாவது முறை புகாரைத் திறந்தபோது, நடத்தைக் கண்காணிப்பு என்ற பகுதியை முழுவதுமாக அணைத்துவிடுங்கள், தமிழ்த் தட்டச்சு தடைபடாது என்றார்கள். அணைத்தேன். உண்மையிலேயே தடைபடவில்லை.

அடுத்தது என் தம்பியின் கணினி. அவர் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கிறவர். எங்கள் கடையின் நான்காவது கணினி அவர் கையில் இருக்கிறது. ஜிஎஸ்டிஆர் 3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தை மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தனிநபர் கடைக்காரரைப் போல ஓடிபி கொடுத்து முடிக்க நிறுவனத்துக்கு வழியில்லை, பென் டிரைவ் போன்ற யுஎஸ்பி டோக்கனைச் செருகி டிஜிட்டல் கையொப்பம்தான் இட வேண்டும். நவம்பர் 20 மாலை, கையொப்பப் பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிச் சுற்றி, கையொப்பச் செயலியோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று வந்து நின்றது. டோக்கனை மாற்றிச் செருகினார், உலாவியை மாற்றினார், கணினியை அணைத்து எழுப்பினார். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய்தான். ஆனாலும் அவர் முகத்தில் வியர்வை ஓடியது எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் பதில் சொல்ல வேண்டியது அவருடைய முதலாளிக்கு.

காரணம் இப்படி. கையொப்பமிடும்போது உலாவி, அதே கணினிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு செயலியோடு மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் பேசுகிறது. பாதுகாப்பு மென்பொருளின் இணைய வடிகட்டி, மறைகுறியாக்கப்பட்ட இணைப்புகளுக்கு நடுவில் தன்னுடைய சான்றிதழை நுழைத்து, உள்ளே போவதைப் பிரித்துப் பார்த்து, மறுபடியும் ஒட்டி அனுப்புகிற வழக்கமுடையது. தபாலைப் பிரித்துப் படித்துவிட்டு வேறு உறையில் போட்டு அனுப்புவது போலத்தான். கணினி தனக்குத்தானே பேசிக்கொள்கிற இந்த இணைப்பையும் அது பிரிக்கப் போய், சான்றிதழ் பொருந்தாமல் பேச்சே நின்றுவிட்டது. வடிகட்டியை அணைத்ததும் ஒரே அழுத்தத்தில் கையொப்பம் விழுந்தது. இதையும் புகாராக எழுதினேன். வந்த பதிலை ஊகித்திருப்பீர்கள்: வடிகட்டியை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோரல்டிரா என்ற வடிவமைப்புச் செயலியில் பெரிய கோப்பைச் சேமிக்கும்போது கணினி உறைந்துபோவதற்கும் அதே வைத்தியம்தான், அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. இப்படியாக, முகப்புத் திரையில் இருந்த ஆறு பச்சைக் கட்டங்களில் மூன்று சாம்பல் நிறத்துக்கு வந்தன. மூன்றையும் அவர்களுடைய ஆட்கள் சொல்லித்தான் அணைத்தேன். அவற்றை அணைத்தபின் மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம் முழுத் திரையும் சிவந்து, “உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே சரிசெய்க” என்று எச்சரிக்கும். சரிசெய்கிற பொத்தானை அழுத்தினால் மூன்றும் மறுபடியும் எரியும், தமிழ் நின்றுபோகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் நல்லெண்ணத்தோடு அதை ஒருமுறை அழுத்திவிட்டான். அன்று அரை நாள் வேலை போனது. அவனைத் திட்டுவதற்கு எனக்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஓராண்டில் பிழையே இல்லாமல் வேலை செய்த பகுதி ஒன்று உண்டு என்றால் அது புதுப்பிப்புக் கட்டணத்தை நினைவூட்டுகிற பகுதி. காலாவதிக்கு 60 நாள் முன்பே தொடங்கி, நாள்தோறும், நான்கு கணினிகளிலும், நான் எந்தப் பதிப்பில் இருந்தாலும் தவறாமல் வந்தது. முதலாண்டுத் தள்ளுபடி முடிந்துவிட்டதால் புதிய விலை 4,720 ரூபாய், சரியாக இரண்டு மடங்கு. வாங்கும்போது தானாகப் புதுப்பிக்கும் வசதிக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருப்பதால் குறுஞ்செய்தி வந்தது, வங்கிச் செயலியிலேயே அந்த ஒப்புதலை ரத்து செய்தேன். வாங்கியவர்கள் இதை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. மென்பொருளுக்குள் ரத்து செய்யும் பொத்தானைத் தேடி அலைய வேண்டாம்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது 30 நாள் அவகாசம் முடிந்துவிட்டது என்றார்கள். முதல் பிழை தலைகாட்டியதே 30 நாள் கடந்த பிறகுதான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்தேன். நான்கு முறை முடித்துவைக்கப்பட்ட புகாருக்கு இப்போது ஒரு மேலாளர் தொலைபேசியில் அழைத்து, மிகப் பணிவாகப் பேசி, பட்ட சிரமத்துக்கு ஈடாக இதே மென்பொருளை மேலும் ஆறு மாதம் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். விலக்குப் பட்டியல் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். “அது உருவாக்கக் குழுவிடம் இருக்கிறது சார்” என்றார்.

ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்து, டிஜிட்டல் கையொப்பம் எதுவும் தேவைப்படாத வீட்டுக் கணினிக்கு இது போதுமானதாக இருக்கலாம். தமிழ்த் தட்டச்சுச் செயலியை நம்பியிருக்கிற அச்சகம், டிடிபி நிலையம், ஆடிட்டர் அலுவலகம் ஆகியவற்றுக்கு வாங்கவே வேண்டாம் என்பேன். நாங்கள் நீக்கிவிட்டோம், நீக்குவதற்குக்கூட அவர்கள் தருகிற தனித் துப்புரவுக் கருவியை இரண்டு முறை ஓட்ட வேண்டியிருந்தது. நீக்கியதும், விண்டோஸ் 8 காலத்திலிருந்து இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிற டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள் தானாக விழித்துக்கொண்டது. அதுவும் எங்கள் தட்டச்சுச் செயலியை ஒருமுறை சந்தேகப்பட்டது. அனுமதி கொடுத்தேன், இதுவரை மறக்கவில்லை. மிச்சமான 4,720 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, தினமும் மாலை கடை அடைக்கும் முன் அன்றைய கோப்புகளை அதில் நகலெடுத்து, வயரைக் கழற்றி மேசை அறையில் பூட்டிவிடுகிறோம்.