ஓபன்எஸ்எஸ்எல்லின் அந்தப் பூஜ்யம்: நீண்ட நாள் பயனரின் புலம்பல்

புது சர்வீஸ் ஒன்று எழுதப்போகும் நண்பர் கேட்டார்: "டிஎல்எஸ்ஸுக்கு நேரடியாக ஓபன்எஸ்எஸ்எல்லையே எடுத்துக்கொள்ளலாமா? நீங்கள்தான் அதை வருஷக்கணக்காகப் பயன்படுத்துகிறீர்களே." ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. (தெரியாதவர்களுக்கு: இணைய இணைப்பை மறையாக்கம் செய்து, எதிரே இருப்பது யார் என்று உறுதிசெய்யும் முறை டிஎல்எஸ். அதைச் செய்துதரும் சி மொழி லைப்ரரி ஓபன்எஸ்எஸ்எல்.)

வேகம், எல்லா இயங்குதளத்திலும் ஓடுவது, எந்தப் பழைய அல்காரிதத்தைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது எல்லாம் தெரிந்த கதை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் சான்றிதழ் சரிபார்ப்பின் மீதுதான், அதாவது எதிர்ப்பக்கம் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழை நம்பலாமா என்று பார்க்கும் வேலையின் மீது. அதிலும் குறிப்பாக, சரிபார்த்த பிறகு அது கொடுக்கும் பதிலின் மீது.

இணைப்பில் ஏதாவது தகராறு என்றால் நாம் முதலில் ஓட்டுவது ஓபன்எஸ்எஸ்எல்லோடு வரும் எஸ்-கிளையன்ட் என்ற சோதனைக் கட்டளையைத்தான். திரை நிறையக் கொட்டிவிட்டு, முடிவில் 'வெரிஃபை ரிட்டர்ன் கோட்: 0 (ஓகே)' என்று ஒரு வரி வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள். சமீபத்தில் இன்னொரு குழுவிடமிருந்தும் அப்படி ஒன்று வந்தது. சான்றிதழ் வேறு ஒரு டொமைனுக்கானது! ஆனாலும் பூஜ்யம், ஓகே. ஏனென்றால், பெயரை ஒப்பிடு என்று தனியாக ஒரு ஆப்ஷன் கொடுத்தால் ஒழிய அந்தக் கட்டளை பெயரைப் பார்ப்பதே இல்லை. ஒரு சான்றிதழுக்கு இன்னொன்று கையொப்பமிட்டுப் போகும் சங்கிலி, நாம் நம்பும் மூலச் சான்றிதழான ஒரு ரூட் வரை ஒழுங்காகப் போகிறதா என்பதோடு அதன் வேலை முடிந்தது. அடையாள அட்டை அசல்தானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதிலிருக்கும் போட்டோ வேறு ஆளுடையது என்பதைக் கவனிக்காத காவலாளி மாதிரி.

இன்னொன்று. சரிபார்ப்பு தோற்றாலும் அது இணைப்பை அறுக்காது. 20 என்றோ 21 என்றோ பிழை எண்ணைக் காட்டிவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். இது சோதனைக் கருவி, அதனால் வேண்டுமென்றேதான் இப்படி என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லைப்ரரியின் குணமும் ஏறக்குறைய இதேதானே? கிளையன்ட் எழுதும்போது நாமாகச் சொல்லாவிட்டால் சரிபார்ப்பு இல்லை. அதைச் சொன்னாலும், பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 ஜனவரியில் 1.0.2 பதிப்பு வரும்வரை பெயரை ஒப்பிடும் ஃபங்ஷனே லைப்ரரியில் கிடையாது. ஒவ்வொருவரும் தாங்களே எழுதிக்கொண்டார்கள். சான்றிதழ் பெயருக்கு நடுவே ஒரு பூஜ்ய பைட்டை (சி மொழியில் எழுத்துத் தொடர் முடிந்தது என்பதன் அடையாளம்) வைத்தால் பாதிப் பெயரோடு நின்றுவிடும் ஒப்பீடுகளை 2009-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டான் காமின்ஸ்கியும் அம்பலப்படுத்தினார்கள். அப்படி இருந்தும் லைப்ரரியே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள இன்னும் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது.

பதில் விஷயத்துக்கு வருகிறேன். ஓபன்எஸ்எஸ்எல்லின் கையொப்பச் சோதனை ஃபங்ஷன்களில் 1 என்றால் ஆம், 0 என்றால் இல்லை. அப்புறம் 'சோதனையே நடக்கவில்லை' என்பதற்கு ஒரு -1. பூஜ்யம் இல்லாத எதுவும் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் சி மொழியில் இந்த -1 ஒரு பள்ளம். 2009 ஜனவரியில் வெளியான சிவிஇ-2008-5077 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொதுப் பதிவு எண்) அதில் விழுந்ததுதான். கையொப்பம் உருக்குலைந்து வந்தால் -1 திரும்பும், அழைத்த இடத்தில் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த இடம் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு உள்ளேயே இருந்தது. எழுதியவர்களே விழுந்த பள்ளத்தில் நாம் விழாமல் இருப்போமா? ஐந்து வருஷம் கழித்து, 2014 மார்ச்சில், க்னூடிஎல்எஸ் என்ற இன்னொரு டிஎல்எஸ் லைப்ரரியிலும் இதே குடும்பத்துப் பிழை. ஆப்பிளின் டிஎல்எஸ் நிரலில் இருந்த புகழ்பெற்ற இரட்டை 'கோடூ ஃபெயில்' வரி அதற்கு முந்தைய மாதம்தான் வெளியே வந்திருந்தது. அதில் கையொப்பச் சோதனையையே தாண்டிக் குதித்துவிட்டு, பிழைக் குறியீடு பூஜ்யமாகவே இருந்ததால் எல்லாம் சுபம் என்று திரும்பியது.

எனக்கு மிகவும் பிடித்தது (பிடித்தது என்று சொல்லலாமா தெரியவில்லை) சிவிஇ-2021-3450. கண்டிப்பான சோதனை வேண்டும் என்று ஒரு கொடி (ஃப்ளாக்) இருக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும். 1.1.1எச் பதிப்பில் அந்தக் கொடிக்குக் கீழே புதிதாக ஒரு சோதனையைச் சேர்த்தார்கள். சங்கிலியில் இருப்பவை சான்றிதழ் வழங்கும் தகுதி உள்ளவைதானா என்ற முந்தைய சோதனையின் முடிவை, புதுச் சோதனையின் முடிவு மேலெழுதிவிட்டது. ஆக, கூடுதல் கண்டிப்பு கேட்டவர்களுக்கு மட்டும் கண்டிப்பு குறைந்தது! 2021 மார்ச் 25-ல் 1.1.1கே வந்து சரிசெய்தது. நியாயமாகச் சொன்னால், சான்றிதழின் பயன்பாட்டு நோக்கத்தைக் குறிப்பிட்டிருந்தால் இன்னொரு சோதனை தடுத்துவிடும். வழக்கமான டிஎல்எஸ் இணைப்புகளில் அது இருக்கும். ஆனாலும் படித்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பிழை வந்தால் மறைக்க மாட்டார்கள். 2015-ல் மாற்றுச் சங்கிலி தேடும் வசதியில் ஓட்டை விழுந்து, சாதாரணச் சான்றிதழே இன்னொன்றுக்குக் கையொப்பமிடலாம் என்ற நிலை வந்தபோது (ஓபன்எஸ்எஸ்எல்லிலிருந்து கூகுள் பிரித்தெடுத்த போரிங்எஸ்எஸ்எல்லின் ஆட்கள் கண்டுபிடித்துச் சொன்னது), அந்த வசதி சேர்ந்து ஒரு மாதத்துக்குள் திருத்தம் வந்துவிட்டது. 1.1.0-லிருந்து எதிர்பார்க்கும் பெயரை ஒரே வரியில் கொடுத்துவிடலாம். கையிலிருக்கும் நம்பகமான ரூட்டை முதலில் தேடும் பழக்கமும் அதிலிருந்துதான் இயல்பானது. 2021 செப்டம்பர் 30-ல் பல தளங்களின் சங்கிலி போய்ச் சேர்ந்த பழைய டிஎஸ்டி ரூட் காலாவதியானபோது 1.0.2 வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆவணங்களும் வெகுவாகத் தேறிவிட்டன. எதிராளி சான்றிதழே அனுப்பாவிட்டாலும் சரிபார்ப்பு முடிவு 'ஓகே' என்றுதான் வரும், அது வெற்றி என்று பொருளல்ல என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கே தெரியுமா? 'பிழைகள்' என்ற தலைப்பின் கீழ். நேர்மையைப் பாராட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

இதையெல்லாம் வேறுமாதிரி செய்ய முடியாதா என்றால், முடியும். கோ மொழியில் பெயரைக் கொடு, இல்லாவிட்டால் சரிபார்க்காதே என்று வெளிப்படையாக எழுது. இரண்டும் இல்லாமல் இணைக்கவே விடாது. ரஸ்ட் மொழியின் டிஎல்எஸ் லைப்ரரியான ரஸ்ட்எல்எஸ்ஸில் சரிபார்ப்பை மாற்ற வேண்டுமென்றால் 'டேஞ்சரஸ்' என்று பெயரிட்ட ஒரு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். கோட் ரிவ்யூவில் கண்ணில் படாமல் போகாது. இணையத்திலிருந்து தரவு இறக்கப் பயன்படும் லிப்கர்ல் லைப்ரரிகூடப் பழைய தொல்லையிலிருந்து பாடம் படித்தது. பெயர்ச் சோதனைக்கு 2 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் பலரும் 'ட்ரூ' என்று கொடுக்க, அது 1 ஆகி, ஏதோ ஒரு பெயர் இருந்தால் போதும் என்று அர்த்தமானது. 2012 கடைசியில் 1 கொடுத்தால் பிழை என்று மாற்றிவிட்டார்கள்.

ஆகவே நண்பருக்கு: இவ்வளவு பாராட்டியதற்குப் பிறகும், வேண்டாம். நேரடியாக எடுக்காதீர்கள். அதன் மேல் உட்கார்ந்து பெயரையும் சங்கிலியையும் தானே பார்த்துக்கொள்ளும் ஒன்றை எடுங்கள், பைதான்கூட 2.7.9-லிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு அதைச் செய்கிறது. இல்லை, சி-யில்தான் எழுதுவேன் என்றால் பெயரைக் கொடுக்கும் அந்த ஒரு வரியை முதல் நாளே எழுதுங்கள். திரும்பும் மதிப்பு 1-க்குச் சமமா என்று மட்டும் கேளுங்கள். தவறான பெயர், காலாவதி, அறியாத ரூட் என்று கெட்ட சான்றிதழ்களை டெஸ்டில் வைத்து, இணைப்பு அறுகிறதா என்று பாருங்கள்.

நானா? நான் மாறப்போவதில்லை. ஓபன்எஸ்எஸ்எல் 3.0-க்கான ஆதரவு 2026 செப்டம்பர் 7-ல் முடிகிறது, என் புரோகிராம்களை 3.5-க்கு நகர்த்திக்கொண்டிருக்கிறேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியவர்களுக்குப் பெயர் ஒப்பிடும் ஆப்ஷனோடு கட்டளையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.