799 ரூபாய்க்குக் காலம் மெதுவாகுமா?

வேகமாகப் போனால் காலம் மெதுவாகும் என்கிற ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலைத் தமிழில் சொல்லித்தரும் ஒரு ஆன்லைன் கோர்ஸ் வாங்கினேன், ஆறு வீடியோ, 799 ரூபாய். பெயர் சொல்லவில்லை, பாதிக்கு மேல் திட்டத்தான் போகிறேன். பத்தாவதோடு இயற்பியலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு பி.காம் படித்தவன் நான், அந்தக் கண்ணோடு படியுங்கள்.

முதல் வீடியோவைத் தள்ளிவிடலாம், ஐன்ஸ்டைன் பெருமையிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது அருமை. மேலும் கீழுமாக இரண்டு கண்ணாடி, நடுவில் ஒளி போய்ப் போய் வருகிறது, அதுதான் கடிகாரம். அதை ஒளியின் வேகத்தில் 60 சதவீதத்தில் பறக்கும் ராக்கெட்டில் வைத்தால், தரையில் நிற்கும் நமக்கு ஒளி நேராக ஏறாமல் சாய்ந்து போவதாகத் தெரியும். ஆசிரியர் போர்டில் 3, 4, 5 முக்கோணம் போட்டார்: ராக்கெட் 3 நகர்வதற்குள் ஒளி சாய்வாக 5 போகிறது, கண்ணாடிகளுக்கு நடுவே உயரம் 4. பந்தாக இருந்தால் ராக்கெட்டின் வேகமும் சேர்ந்து இன்னும் வேகமாகப் போயிருக்கும், ஒளிக்கு அந்தச் சலுகை கிடையாது, யார் அளந்தாலும் ஒரே வேகம். அதனால் நமக்கு 5 வினாடி ஆனால் ராக்கெட்டில் இருப்பவருக்கு 4 தான். பைதாகரஸ், அவ்வளவுதான்! கரண்ட் பில்லின் பின்பக்கம் நானே போட்டுப் பார்த்தேன், வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த மகள், "கண்ணாடிக் கடிகாரம் சரிப்பா, நாடித்துடிப்பும் மெதுவாகுமா?" என்றாள். அதற்குப் பதில் நான்காவது வீடியோவில் இருந்தது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூயான் என்ற துகள்கள் பிறக்கின்றன, சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவினாடி. கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும், ஆனாலும் ஏராளமானவை தரைக்கு வந்து சேர்கின்றன, ஏனென்றால் நம் கணக்கில் அவற்றின் ஆயுள் நீண்டுவிடுகிறது. மியூயானுக்குள் கண்ணாடி ஏது? மெதுவாவது காலமே, அதனால் நாடித்துடிப்பும் சேர்ந்துதான் மெதுவாகும். இந்த மாதிரித் துகள்களை வைத்தே சார்பியலைச் சோதிக்கலாம் என்று 1938லேயே ஹோமி பாபா சொல்லியிருக்கிறார், அது எனக்குப் புதுச் செய்தி.

அப்புறம்தான் சறுக்கல். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் வேகமாகப் போவதால் அதன் கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோவினாடி முந்துகிறதாம். முந்துவது உண்மை, காரணம் தப்பு. வேகத்தால் 7 பிந்துகிறது, மேலே ஈர்ப்பு குறைவதால் 45 முந்துகிறது, கழித்தால்தான் 38. இரண்டு வீடியோவாக "வேகமாகப் போனால் மெதுவாகும்" என்று சொல்லிவிட்டு இங்கே முந்துகிறது என்றால் என்னைப் போன்றவன் என்ன செய்வான்?

இரட்டையர் கதை அதைவிட மோசம். நாம் தரையிலேயே இருக்க, நம்மோடு இரட்டையாகப் பிறந்த தம்பி ராக்கெட்டில் அதே 60 சதவீத வேகத்தில் போய்த் திரும்பினால் நமக்கு 10 வருடம், அவனுக்கு 8. சரி, அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் ஓடியது நாம்தானே, நாம் ஏன் இளமையாக இல்லை? சந்தேகம் கேட்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், "ஃபார்முலாவில் போட்டுப் பாருங்க சார்" என்று பதில். அப்புறம் நானே தேடிப் படித்ததில் புரிந்தது: பாதி வழியில் ஒரு வண்டியிலிருந்து இறங்கி எதிர்த்திசை வண்டியில் ஏறியவன் தம்பி மட்டும்தான், நாம் வண்டியே மாறவில்லை. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

2, 4 மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று நண்பருக்காகக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.